இரண்டு நோட்டுகளில் ஒரே கையெழுத்து

என் பழைய டைரி ஒன்றின் நடுவே இரண்டு ரூபாய் நோட்டுகளைப் பல ஆண்டுகளாகப் பாதுகாத்து வருகிறேன். ஒன்று ஒரு ரூபாய் நோட்டு, மற்றொன்று நூறு ரூபாய் நோட்டு. இரண்டிலும் உள்ள கையெழுத்து ஒருவருடையதே: மன்மோகன் சிங். 2024 டிசம்பர் 26ஆம் தேதி அவர் மறைந்த செய்தி வந்த இரவில் அந்த நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் பிரதமராக மட்டுமே அறிந்த என் மகனுக்கு அந்த இரண்டு கையெழுத்துகளின் பொருளை அன்று சொல்லத் தொடங்கினேன். சொல்ல வேண்டியது ஓரிரவில் முடியாது என்று தெரிந்ததால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது ரிசர்வ் வங்கி அன்று, இந்திய அரசு. சட்டப்படி அது நாணயத்துக்குச் சமமானது. அதனால், மற்ற நோட்டுகளில் உள்ள 'இன்ன தொகையை இதை வைத்திருப்பவருக்குத் தருவதாக உறுதியளிக்கிறேன்' என்னும் வாசகம் அதில் இருக்காது. நிதி அமைச்சகத்தின் செயலாளர் ஒப்பமிட்டிருப்பார், அவ்வளவுதான். நூறு ரூபாய் நோட்டில் அந்த உறுதிமொழி உண்டு. அதன் கீழே ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திடுவார். முதல் நோட்டு செலவு செய்யும் அரசின் பக்கத்திலிருந்து வருவது. இரண்டாவது, பணத்தின் மதிப்பைக் காக்க வேண்டிய வங்கியின் பக்கத்திலிருந்து வருவது. மேசையின் இரு பக்கங்களிலும் உட்கார்ந்து எழுந்த ஒருவர், பிறகு அந்த மேசைக்கே உரியவராக, நிதி அமைச்சராக வந்தார். அவருடைய வாழ்க்கைப் பாதையில் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான். தொழில் உரிமங்களை ஒழித்ததைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அரசு தன் விருப்பம்போல் பணத்தைப் பெருக்கிக்கொள்ளும் வழியை, அந்த வழியால் மிகவும் பயன்பெறக்கூடிய நிதி அமைச்சரே முன்வந்து அடைக்கத் தொடங்கினார் என்பதைப் பற்றி மிகச் சிலரே எழுதியிருக்கிறார்கள்.

அவர் 1932 செப்டம்பர் 26ஆம் தேதி, இன்று பாகிஸ்தானில் உள்ள காஹ் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். மின்சாரம் இல்லாத அந்த ஊரில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் படித்தார். பள்ளியில் உருது வழியில் பயின்றதால், பிற்காலத்தில் இந்தி உரைகளையும் உருது எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டே படித்தார். பிரிவினைக்குப் பின் குடும்பம் அமிர்தசரஸுக்கு வந்தது. அதன்பின் எல்லாமே உதவித்தொகைகள்தாம். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, கேம்பிரிட்ஜில் 1957இல் முதல் வகுப்பில் தேறி, ஆக்ஸ்ஃபோர்டின் நஃபீல்டு கல்லூரியில் 1962இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்த முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இந்தியாவின் ஏற்றுமதி 1950களில் ஏன் தேங்கியது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. நம்மைப் போன்ற ஏழை நாடுகளின் சரக்கை உலகம் அதிகம் வாங்காது, ஆகவே ஏற்றுமதியை நம்பிப் பயனில்லை, தேவையானதை நாமே செய்துகொள்வதுதான் வழி என்று அந்நாளில் டெல்லியில் பலரும் உறுதியாக நம்பியிருந்தார்கள். அந்த இளைஞர் புள்ளிவிவரங்களைச் சரக்குவாரியாக எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, தேக்கத்துக்குக் காரணம் வெளியே மட்டும் இல்லை, நம் கொள்கைகளிலும் இருக்கிறது என்று எழுதினார். 1964இல் அது நூலாகவும் வந்தது. 1991இல் நிதி அமைச்சரானபோது பன்னாட்டு நிதியம் (ஐ.எம்.எஃப்.) சொன்னதைக் கேட்டு அவர் நடந்துகொண்டார் என்று சொல்பவர்களுக்கு நான் இந்த ஆண்டுக் கணக்கையே நினைவூட்டுவேன். கருத்து அவருடையது. அது பழுக்கப் பல ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் அவர் வகித்த பதவிகள் ஏராளம். பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் டெல்லி பொருளியல் பள்ளியிலும் ஆசிரியராக இருந்தார், நியூயார்க்கில் ஐ.நா.வின் வணிக வளர்ச்சி அமைப்பில் பணியாற்றினார். 1971இல் வெளிநாட்டு வணிக அமைச்சகத்தின் பொருளாதார ஆலோசகர், 1972 முதல் 1976 வரை தலைமைப் பொருளாதார ஆலோசகர், பிறகு 1980 வரை நிதி அமைச்சகத்தில் செயலாளர். என்னிடம் உள்ள ஒரு ரூபாய் நோட்டு அந்த ஆண்டுகளில் அச்சானது. திட்டக்குழுவில் இருந்துவிட்டு 1982 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஆளுநரானார். அவரை அப்பதவியில் அமர்த்திய நிதி அமைச்சர் பிரணாப் முகர்ஜி. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே முகர்ஜி இவருடைய அமைச்சரவையில் அமர்ந்தார். இந்த நீண்ட பட்டியலைப் படித்துவிட்டுச் சிலர் இவரை வெறும் அதிகாரி என்று சொல்லிவிடுகிறார்கள். கட்டுப்பாடுகள் நிறைந்த ஒரு வீட்டில் எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அந்த வீட்டிலேயே வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். அவர் அந்த அமைப்புக்குள் இருபதாண்டுகள் இருந்தும் அதற்கு எதிராகக் குரல் உயர்த்தவில்லை என்ற குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் நேரம் வந்தபோது ஒரு மாதத்தில் அத்தனை பூட்டுகளையும் திறக்க முடிந்ததற்கு அந்த இருபதாண்டுப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆளுநராக அவர் செய்த ஒரு காரியம் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. 1982 டிசம்பரில், நாட்டின் பண அமைப்பு இயங்கும் முறையை ஆராய, பொருளியலாளர் சுகமோய் சக்கரவர்த்தி தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். சி.ரங்கராஜன் அதில் ஓர் உறுப்பினர். 1985இல் வந்த அந்த அறிக்கை, அரசு தன் பற்றாக்குறைக்காக ரிசர்வ் வங்கியிடமிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு இரு தரப்பும் கலந்து ஓர் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை வரும்போது அவர் ஆளுநர் நாற்காலியில் இல்லை. பரிந்துரை கோப்பில் தங்கிவிட்டது.

அந்தப் பரிந்துரை எதைக் குறித்தது என்பதை வங்கிக் கிளையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு வணிகரின் நடப்புக் கணக்கில் பணம் இல்லாதபோது காசோலை வந்தால், அதிகாரி அதைத் திருப்பி அனுப்புவார். இருப்புக்கு மேல் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் வசதி இருந்தால் அதற்கும் ஒரு வரம்பு, ஈடு, வட்டி எல்லாம் உண்டு. மத்திய அரசின் கணக்கு ரிசர்வ் வங்கியில் இருக்கிறது. 1955இல் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி அந்தக் கணக்கில் வெள்ளிக்கிழமைகளில் குறைந்தது 50 கோடி ரூபாயும் மற்ற நாட்களில் 4 கோடி ரூபாயும் இருப்பு இருக்க வேண்டும். குறைந்தால் என்ன ஆகும்? அரசின் பெயரில் 91 நாள் கருவூல பில்கள், அதாவது குறுகிய காலக் கடன் சீட்டுகள், தாமாகவே உருவாகும். ரிசர்வ் வங்கி அவற்றை எடுத்துக்கொண்டு கணக்கை நிரப்பிவிடும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவற்றுக்கு 'அட்ஹாக்' பில்கள் என்று பெயர். தற்காலிகம் என்று பெயர். நடப்பில் அவை தீர்ந்ததே இல்லை. 91 நாள் முடிந்ததும் புதிய பில் எழுதிப் பழைய பில்லைக் கழிப்பார்கள். 1974 முதல் அவற்றுக்கு வட்டி 4.6 சதவீதம் என்று நிலைத்துவிட்டது. எங்கள் கவுண்டரில் கடன் வாங்கிய சிறு வணிகர் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் வட்டி கட்டினார். அரசுக்காக இப்படிப் புதிதாகப் பிறந்த பணம் சந்தைக்கு வந்து விலைவாசியாக மாறியது. அதைச் சம்பளக்காரரும் கூலிக்காரரும் அரிசிக் கடையில் கட்டினார்கள். நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படாத வரி என்றே அதைச் சொல்லலாம்.

இனி 1991. அந்த ஆண்டில் நான் திருப்பூரில் ஒரு வங்கிக் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து டெலக்ஸில் வரும் மாற்று விகிதங்களை அட்டையில் எழுதிக் கவுண்டரில் வைப்பது என் காலை வேலைகளில் ஒன்று. வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியதும், அங்கிருந்து நம்மவர் அனுப்பிய பணம் குறைந்ததும், வெளிநாடுவாழ் இந்தியர்கள் தங்கள் வைப்புகளை எடுக்கத் தொடங்கியதும் செய்தித்தாளில் வந்தன. ஆனால் நாட்டில் டாலர் வற்றிய அந்த நெருக்கடி எனக்கு உறைத்தது வேறொரு வழியில். பின்னல் இயந்திரங்களுக்கான ஊசிகளை இறக்குமதி செய்து விற்கும் வணிகர் ஒருவர் எங்களிடம் எல்.சி. (வெளிநாட்டு விற்பனையாளருக்கு வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) திறப்பார். ஏப்ரல் மாதம் அவர் வந்தபோது, இறக்குமதி மதிப்பைப்போல் இருமடங்கு தொகையை ரொக்க முன்பணமாகக் கட்ட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் புதிய விதியைக் காட்டினேன். இரண்டு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு நான்கு லட்சம் ரொக்கம். அவர் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு, "ஊசி வாங்கக்கூடவா நாட்டில் டாலர் இல்லை?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இல்லை என்பதே பதில்.

ஜூன் 21ஆம் தேதி நரசிம்ம ராவ் பிரதமரானார். நிதி அமைச்சராக வரும்படி முதலில் கேட்கப்பட்டவர் மற்றொரு பொருளியலாளரும் முன்னாள் ஆளுநருமான ஐ.ஜி.படேல், அவர் மறுத்துவிட்டார். அடுத்து மன்மோகன் சிங்குக்கு அழைப்பு வந்தது. அப்போது அவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர். முந்தைய நாள் வந்த செய்தியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அவரைத் தேடிப்பிடித்து, உடை மாற்றிக்கொண்டு பதவிப் பிரமாணத்துக்கு வரும்படி சொல்ல வேண்டியிருந்தது என்பதை அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்து நிதி அமைச்சரானவர் அவருக்கு முன் சி.டி.தேஷ்முக் ஒருவரே. பொருளியல் பேராசிரியராக இருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர்களைத் தேடினால், சென்னையில் பொருளியல் கற்பித்த ஜான் மத்தாய் நினைவுக்கு வருகிறார். திட்டக்குழுவுக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தை ஏற்க முடியாமல் 1950இல் அவர் பதவி விலகினார். அறிஞர் ஒருவர் அந்த நாற்காலியில் நிலைத்திருப்பது எளிதன்று.

ஜூலை 1, திங்கட்கிழமை. அன்றைய டெலக்ஸில் வந்த எண்கள் தவறோ என்று நினைத்து மீண்டும் கேட்டு உறுதி செய்துகொண்டோம். ரூபாயின் மதிப்பு ஒரே நாளில் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் குறைக்கப்பட்டிருந்தது. அட்டையில் பழைய எண்களை அடித்துவிட்டு எழுதினால் நம்ப மாட்டார்கள் என்று புதிய அட்டை எடுத்து எழுதினேன். முதியவரான ஓர் ஏற்றுமதியாளர், அன்றைய விகிதத்தில் ரூபாயாக மாற்ற வேண்டிய டாலர் பில்களோடு வந்து அட்டையைப் பார்த்தார். "தம்பி, இன்றைக்கே பில்லைப் போட்டுவிடலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் பொறுத்தார். புதன்கிழமை, ஜூலை 3, மதிப்பு இன்னும் சுமார் பதினொரு சதவீதம் குறைந்தது. டாலர் ஒன்றுக்கு 21 ரூபாய் அளவில் இருந்தது மூன்றே நாளில் 26 ரூபாயை நெருங்கியது.

அந்த இரண்டாவது குறைப்பு நிகழாமலே போயிருக்கக்கூடும் என்பது பிறகு வெளிவந்தது. முதல் அறிவிப்புக்கு எழுந்த எதிர்ப்பைக் கண்டு பிரதமருக்குத் தயக்கம் வந்தது. நிறுத்தச் சொல்லும்படி நிதி அமைச்சரிடம் கூறினார். மன்மோகன் சிங், ரிசர்வ் வங்கியில் துணை ஆளுநராக இருந்த ரங்கராஜனைத் தொலைபேசியில் அழைத்தபோது, அறிவிப்பு வெளியாகிவிட்டது என்ற பதில் வந்தது. நாட்டின் போக்கு சில மணித்துளிகளில் தொங்கிக்கொண்டிருந்ததை எண்ணும்போது இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

அதே வாரங்களில் தங்கம் போனது. முந்தைய ஆட்சியில், மே மாதம், பறிமுதல் செய்யப்பட்டு அரசிடம் இருந்த 20 டன் தங்கம் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு வெளிநாட்டில் விற்கப்பட்டிருந்தது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் சுமார் 47 டன், பாங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் பாங்க் ஆஃப் ஜப்பானிடமும் ஈடு வைக்கப்பட்டு, ஏறத்தாழ 40 கோடி டாலர் கடன் பெறப்பட்டது. நாகர்கோவிலில் பிறந்த எஸ்.வெங்கிடரமணன் அப்போது ஆளுநர். எங்கள் கிளைக்கு வரும் நகை மதிப்பீட்டாளர், நாள் முழுவதும் தாலிக்கொடியையும் வளையலையும் உரைகல்லில் உரசிப் பார்ப்பவர், அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பேச்சற்று உட்கார்ந்திருந்தார். பிறகு, "மீட்கிற எண்ணத்தோடு வைத்தால் தப்பில்லை" என்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தக் கடன் அடைக்கப்பட்டது.

மன்மோகன் சிங் எப்படிப்பட்டவர் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1987 முதல் 1990 வரை அவர் ஜெனீவாவில், வளரும் நாடுகளுக்கான 'சவுத் கமிஷன்' என்னும் ஆணையத்தின் தலைமைச் செயலாளராகப் பணியாற்றியதால், வெளிநாட்டுக் கணக்கில் அவருக்குச் சொந்த ஊதியச் சேமிப்பு இருந்தது. ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது அந்தச் சேமிப்பின் ரூபாய் மதிப்பு கூடியது. தாம் எடுத்த முடிவால் தமக்கே வந்த அந்த ஆதாயத்தைப் பிரதமரின் நிவாரண நிதிக்குச் செலுத்திவிட்டார். அதை அவர் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. பிரதமர் அலுவலகத்தில் இருந்தவர் பிற்காலத்தில் சொல்லியே வெளியே தெரிந்தது.

ஜூலை 24ஆம் தேதி நிதிநிலை அறிக்கை. மாலையில் படிக்கப்பட்ட அந்த உரையை மறுநாள் செய்தித்தாளில் பார்த்தேன். முழுமையாகப் படித்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு. 'நம்மிடமுள்ள அந்நியச் செலாவணி ஏறத்தாழ 2,500 கோடி ரூபாய், இது இரண்டு வார இறக்குமதிக்கே போதும்' என்று அவர் அவையில் வெளிப்படையாகச் சொன்னார். நிதிப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் எட்டு சதவீதத்துக்கும் மேல் என்றார். கணக்கை மறைக்காமல் சொல்லும் இந்தப் பழக்கம் வகுப்பறையிலிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன். காலம் கனிந்த கருத்தை எந்தச் சக்தியாலும் தடுக்க முடியாது என்னும் விக்டர் ஹியூகோவின் வரியோடு அவர் முடித்ததை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குச் சற்று முன்னால் உள்ள பகுதியே என்னைத் தொட்டது. இப்போது பாகிஸ்தானில் இருக்கும், வறட்சி நீங்காத ஒரு கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்ததாகவும், உதவித்தொகைகளால்தான் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் கல்லூரிப் படிப்பு வாய்த்ததாகவும், இந்த நாட்டுக்குத் தாம் பட்ட கடனை முழுமையாகத் தீர்க்க இயலாது என்றும் அவர் சொன்னார்.

அந்த மாதத்திலும் அதன்பின்னும் செய்தவற்றை மிகச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அவை பரவலாகத் தெரிந்தவை. 18 தொழில்கள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உரிமம் தேவையில்லை என்றாயிற்று. தொழில்துறை பிரதமரிடமே இருந்ததால், அந்த முடிவில் ராவின் பங்கு சரிபாதிக்குக் குறையாது. வணிகத் துறையில் ப.சிதம்பரம் ஜூலை 4ஆம் தேதி ஏற்றுமதி மானியத்தை நிறுத்தி, இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். வரிச் சீர்திருத்தத்துக்கு, பிற்பாடு சென்னைப் பொருளியல் பள்ளியை நிறுவிய ராஜா செல்லையாவின் தலைமையில் குழு அமைந்தது. 1993 மார்ச்சில் ரூபாயின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கும் நிலை வந்தது. என் அட்டையில் எண்கள் அதன்பின் தினமும் மாறின, ஆனால் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. திருப்பூரில் நான் கண்ட வளர்ச்சியையும், அந்தப் பத்தாண்டில் மறைமலை நகருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் கார் ஆலைகள் வந்ததையும் இந்த முடிவுகளிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

எனக்கு மனக்குறைகளும் உண்டு. முதல் நிதிநிலை அறிக்கையில் உர விலையை 40 சதவீதம் உயர்த்தினார். சொந்தக் கட்சியினரே எதிர்த்ததால் அதை 30 சதவீதமாகக் குறைத்து, சிறு குறு விவசாயிகளுக்கு விலக்கு அளித்தார். 1992இல் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் பரிந்துரைப்படி மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டிலேயே மலிவாக நின்றது. விளைவு, விவசாயி கையில் காசுள்ள அளவுக்கு யூரியாவையே வயலில் கொட்டினார், மண்ணின் சமநிலை குலைந்தது. விலைகளின் விளைவை நன்கறிந்த பொருளியலாளர் ஒருவர் இந்த அரைகுறை நிலையை விட்டுவைத்தது எனக்கு இன்றும் வருத்தமே. பங்குச் சந்தை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தாம் தூக்கம் இழக்கப் போவதில்லை என்று 1992இல் அவர் சொன்னதும், பின்னால் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா வங்கிப் பணத்தைப் பங்குச் சந்தையில் போட்ட ஊழல் வெடித்ததும் அவருக்கு நீங்காத பழியாயின. வங்கிகளின் பத்திரக் கணக்குகள் வழியாகவே அந்தப் பணம் சந்தைக்குப் போயிருந்தது. முன்னாள் ஆளுநருக்கு அந்த ஓட்டை தெரிந்திருக்க வேண்டும். 1993 டிசம்பரில், அந்த ஊழலை விசாரித்த மற்றொரு நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் அறிக்கை வந்ததும் அவர் பதவி விலக முன்வந்தார், பிரதமர் ஏற்கவில்லை.

அதே 1993-94இல் இன்னொரு சறுக்கலும் நேர்ந்தது. இரண்டாண்டுகள் கட்டுக்குள் வந்துகொண்டிருந்த நிதிப் பற்றாக்குறை மீண்டும் ஏறியது, அட்ஹாக் பில்கள் குவிந்தன. தம்முடைய துறையிலேயே, தம்முடைய கண்காணிப்பிலேயே கை மீறிப் போனதை அவர் கண்டார். 1994 பிப்ரவரி நிதிநிலை உரையில், இந்தப் பில்களை மூன்றாண்டுகளில் முழுவதும் நிறுத்திவிடப் போவதாக அறிவித்தார். செப்டம்பரில் அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் உடன்பாடு எழுதப்பட்டது. அதன்படி, அந்த நிதியாண்டு முடிவில் நிகர அட்ஹாக் பில்கள் 6,000 கோடி ரூபாயைத் தாண்டக் கூடாது. இடையில் 9,000 கோடியைத் தாண்டி, தொடர்ந்து பத்து வேலை நாட்களுக்கு மேல் நீடிக்கவும் கூடாது. நீடித்தால் ரிசர்வ் வங்கி அரசின் பத்திரங்களைத் தானே சந்தையில் விற்றுவிடலாம்.

அந்த உடன்பாட்டின் மறுபக்கத்தில் ஆளுநராக இருந்தவர், திருச்சி தேசியக் கல்லூரியில் படித்த ரங்கராஜன். 1982இல் ஆளுநர் மன்மோகன் சிங் அமைத்த குழுவின் அதே உறுப்பினர். அன்று ஆளுநராகக் கேட்ட கேள்விக்கு, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அமைச்சராக அவரே விடை தந்தார். இதில் நான் மிகவும் மதிப்பது என்னவென்றால், 1996இல் தேர்தல் வரவிருந்தது. எந்தக் கட்சியின் நிதி அமைச்சரும் தேர்தலுக்கு முன்பு பணப்பெட்டியின் சாவியைத் தம் கையில் வைத்துக்கொள்ளவே விரும்புவார். இவர் அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மக்கள் அதைக் கவனிக்கவும் இல்லை, அதற்காக ஒரு வாக்கும் விழுந்திருக்காது. கடன் வாங்க வேண்டுமென்றால் இனி அரசும் சந்தைக்குப் போய், சந்தை கேட்கும் வட்டியைக் கொடுத்தே வாங்க வேண்டும் என்ற நிலை அதன்பின் உருவாயிற்று. விலைவாசி இரட்டை இலக்கத்தில் ஏறுவது நாம் அன்றாடம் காணும் காட்சியாக இல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து.

1996 மே மாதம் ஆட்சி மாறியது, அவர் அமைச்சர் பதவியிலிருந்து இறங்கினார். பின்னாளில் பத்தாண்டுகள் பிரதமராக இருந்ததன் நிறைகுறைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. அவர் தொடங்கிய இந்தக் காரியத்தை முடித்தது வேறொரு கூட்டணியின் அரசு. அதில் நிதி அமைச்சராக இருந்த சிதம்பரத்தின் காலத்தில், 1997 மார்ச் 6ஆம் தேதி, ரங்கராஜனின் ரிசர்வ் வங்கியுடன் இரண்டாவது உடன்பாடு ஏற்பட்டது. மார்ச் 31 வரை நிலுவையில் இருந்த பில்கள், முதிர்வு நாள் குறிப்பிடாத சிறப்புப் பத்திரங்களாக, அதே 4.6 சதவீத வட்டியில் மாற்றி எழுதப்பட்டன. அரசின் அவசரத் தேவைகளுக்கு வழிவகை முன்பணம் என்ற பெயரில், முதல் அரையாண்டுக்கு 12,000 கோடி, பிற்பாதிக்கு 8,000 கோடி என வரம்பிட்ட கடன் வந்தது. வட்டி உண்டு, மூன்று மாதத்தில் அடைக்கவும் வேண்டும். எங்கள் கவுண்டருக்கு வந்த வணிகரின் ஓவர்டிராஃப்ட் போலவே.

அதற்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை 1997 ஏப்ரல் 4. நான் அப்போது வேறு கிளைக்கு மாறியிருந்தேன். அன்று என்ன செய்தேன் என்பது நினைவில் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளிக்கிழமைதோறும் அரசின் கணக்கை நிரப்பிவந்த பில், அந்த வெள்ளிக்கிழமை எழுதப்படவில்லை.